ஆளே அடமானம்

கேள்வி: உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் பருத்திப் பண்ணைக்காரர்கள். வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வங்கியாளர்களையும் அவர்களோடு சேர்த்துத் திட்டுவது சரியா?

பதில்: நான் சேர்க்கவில்லை, அவர்களே சம்பந்தம் பேசிச் சேர்ந்துகொண்டார்கள். மிசிசிப்பியின் நாட்செஸ் நகரில் வங்கித் தலைவராக இருந்த ஸ்டீபன் டங்கன் பென்சில்வேனியாக்காரர். மருத்துவராக வந்தார், பண்ணைக் குடும்பத்தில் பெண்ணெடுத்தார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானர் ஆனார். அந்த ஊர்களில் கடன் கேட்பவரும் கொடுப்பவரும் ஜாமீன் கையெழுத்துப் போடும் மைத்துனரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள்.

லூசியானாவில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு செய்தார்கள். 1827-இல் உருவான பண்ணையார் வங்கியில் பங்கு வாங்க ரொக்கம் வேண்டாம். நிலத்தையும் அடிமைகளையும் அடமானம் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தப் பங்கின் மதிப்பில் பாதிவரை கடனும் உண்டு. கொடுக்கப் பணம்? மாநில அரசு பொறுப்பேற்ற கடன்பத்திரங்களை லண்டன் வங்கியான பேரிங் நிறுவனம் ஐரோப்பாவில் விற்றுத் தந்தது. பத்திரம் வாங்கிய லண்டன் கனவான் ஒரு அடிமையைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை.

நிலத்தைவிட ஆள் நல்ல ஈடு என்று கருதினார்கள். நிலத்துக்கு, அது இருக்கும் இடத்துக்கே வாங்க ஆள் வரவேண்டும். மனிதரை நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு நடத்திப்போய் விற்றுவிடலாம். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். ஆகவே பிரசவம் நடந்தால் ஈட்டின் மதிப்பு கூடும்!

1837 நிதி நெருக்கடியில் பருத்தி விலை சரிந்தது. தாங்கள் வெளியிட்ட நோட்டுக்குத் தங்கமோ வெள்ளியோ கொடுப்பதை வங்கிகள் நிறுத்தின. நடத்திப்போகலாம் என்ற வசதியே அப்போது வினையானது. கடன்பட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அடிமைகளை ஓட்டிக்கொண்டு டெக்சாஸுக்குப் போய்விட்டார்கள். அது அப்போது தனி நாடு. அமெரிக்க நீதிமன்றத்தின் ஜப்தி ஆணை அங்கே செல்லாது.

ஓடாதவர்களுக்குக் குடும்பம் கைகொடுத்தது. மணமான பெண்ணும் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம் என்று மிசிசிப்பி 1839-இல் சட்டம் போட்டதைப் பெண்ணுரிமை என்று புகழ்கிறவர்கள் உண்டு. அதன் ஐந்து பிரிவுகளில் நான்கு அடிமைகளைப் பற்றியவை. மாமனார் மகளுக்குக் கொடுத்த அடிமைகளை மாப்பிள்ளையின் கடன்காரர் தொடமுடியாமல் போனது.

வங்கிக்கு அடிமைகளோடு தொடர்பில்லை என்கிறீர்களே, அமெரிக்காவின் பெரிய வங்கியான ஜேபி மார்கன் சேஸ் 2005-இல் தானே ஒப்புக்கொண்ட கணக்கு இது: அதன் முன்னோடிகளான இரண்டு லூசியானா வங்கிகள் 1831 முதல் 1865 வரை ஏறத்தாழ 13,000 பேரை ஈடாகப் பெற்றன. கடன் திரும்பாதபோது அவர்களில் சுமார் 1,250 பேருக்கு அந்த வங்கிகளே எஜமானர்.