மூக்குக்குத் தெரியாத ஊசி

அன்புள்ள ஐயா,

எனக்கு 64 வயது. கொரோனாவுக்கு இரண்டு ஊசி, அப்புறம் பூஸ்டர் எல்லாம் போட்டும் இரண்டு முறை வந்துவிட்டது. எட்டு மாதப் பேத்திக்கு வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து கொடுத்திருக்கிறோம். போன மாதம் வயிற்றுப்போக்கில் துவண்டுவிட்டாள். இதெல்லாம் வெறும் வியாபாரம்தானோ என்று தோன்றுகிறது. ஒன்பதாம் மாத ஊசியைத் தள்ளிப்போடும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். பதிலாக எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் கஷாயமோ புரோபயாட்டிக் பொடியோ கொடுக்கலாமா? சளி கட்டாமல் இருக்கக் குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளுக்குப் போன் போடுங்கள். "நான் சொன்னதை விட்டுவிடு, தேதி தவறாமல் போட்டுவிடு" என்று சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

பேத்தி துவண்டு கிடந்ததைப் பார்த்த தாத்தாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயந்தவர் செய்யக்கூடாத ஒன்றைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். கஷாயத்தை நீங்கள் குடியுங்கள், குழந்தையை விட்டுவிடுங்கள். பொடிக்கு வைத்திருக்கும் காசில் அவளுக்கு ஒரு நல்ல கவுன் எடுக்கலாம்.

ஊசி போட்டும் ஏன் வந்தது என்பதுதான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருப்பது. வெளியுலகத்துக்கும் நமக்கும் நடுவே தோல் மட்டும் இல்லை. மூக்கு, தொண்டை, நுரையீரல், குடல் என்று உள்ளே போகிற வழி முழுக்க ஈரமான சவ்வு. குடலில் அந்தச் சவ்வின் மேற்படலம் ஒரே ஒரு செல் கனம்தான். அதுவும் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வரும். அதற்கு ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியாவும் நேற்றைய சாம்பாரும், மறுபக்கம் ரத்தம். இந்த இடத்தில் உடம்பு ஆவேசமாகச் சண்டை போட்டால் முதலில் சிதைவது சவ்வேதான். அதனால் இங்கே காவல் வேறு மாதிரி.

சவ்வுக்கு அடியிலிருக்கும் செல்கள் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன, தினமும் சில கிராம் அளவுக்கு. உடம்பு தயாரிக்கும் மற்ற எதிர்ப்பொருள்களை எல்லாம் கூட்டினாலும் இதுதான் அதிகம். மேற்படலச் செல் இதைத் தனக்குள்ளே சுமந்துபோய் மறுபக்கம் விடும்போது, தன் புரதத்தில் ஒரு துண்டையும் சேர்த்தே அனுப்புகிறது. செரிமான நொதிகள் ஐஜிஏவைச் சிதைத்துவிடாமல் அந்தத் துண்டு காப்பாற்றும். ஐஜிஏ பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை. பிடித்துக்கொள்ளும், சவ்வில் ஒட்டவிடாது, சளியோடும் மலத்தோடும் வெளியேற்றிவிடும். கல்யாண வீட்டுக்குக் குடித்துவிட்டு வந்த சித்தப்பாவை இரண்டு பேர் தோளில் கைபோட்டு, சிரித்துக்கொண்டே வாசலுக்குக் கூட்டிப்போவார்களே, அந்த மாதிரி. பந்தியில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

கையில் போடும் ஊசி ரத்தத்துக்கு நன்றாகக் கற்றுத்தருகிறது, மூக்குக்கு அவ்வளவாக இல்லை. வைரஸ் மூக்கில் குடியேறிப் பெருகும், தும்மல் வரும், காய்ச்சல் வரும். நுரையீரலை நாசமாக்கப் பார்க்கும்போது ரத்தத்தின் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு முறை வந்ததே, எத்தனை நாள் ஐசியூவில் இருந்தீர்கள்? கடிதத்தில் காணோம்.

இதற்குப் பெரிய சாட்சி கொரோனா இல்லை, போலியோ. இஸ்ரேலில் 2005 முதல் போலியோவுக்கு ஊசி மட்டும்தான் போட்டு வந்தார்கள். 2013இல் தெற்கே ராஹத் நகரத்துச் சாக்கடை நீரில் போலியோ வைரஸ் கிடைத்தது. ஒரு குழந்தைக்கும் கால் விளங்காமல் போகவில்லை. ஊசி நரம்பைக் காத்துவிட்டது, குடலோ வைரஸுக்குத் திறந்தே கிடந்தது. குழந்தைகள் குடலில் அது பெருகி, மலத்தோடு வெளியேறி, அடுத்தவர் குடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் அங்கே மறுபடியும் சொட்டு மருந்தைக் கையில் எடுத்தார்கள்.

நம் கதை தலைகீழ். குடலுக்கே பாடம் சொல்லும் சொட்டு மருந்தைத்தான் கொடுத்தோம். ஆனால் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களின் தொடக்கத்திலேயே கண்டு சொன்னார்: அமெரிக்கக் குழந்தைக்குப் போதுமான மூன்று தவணை வேலூர்க் குழந்தைகளில் பலருக்குப் போதவில்லை. பேதியும் வேறு வைரஸ்களும் ஏற்கனவே மொய்க்கும் குடலில் இந்தச் சொட்டு சரியாகப் பதிவதில்லை. உங்கள் ரோட்டா விஷயமும் இதே வகைதான். பணக்கார நாடுகளில் அந்த மருந்து காப்பாற்றும் அளவுக்கு இங்கே காப்பாற்றுவதில்லை. ஆனாலும் கடுமையான ரோட்டா பேதியில் பாதிக்கு மேல் தடுக்கிறது. போதாதா?

என் அத்தைக்கு இரண்டு வயதில் போலியோ. வலது கால் சூம்பிப்போனது. பல்ஸ் போலியோ என்று ஊரே அழைத்த முகாம் நாட்களில் பேருந்து நிலையத்தில் மேசை போட்டு, ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் மேசைக்கு அடியில் இருக்கும், யாருக்கும் தெரியாது. "போன தடவைதானே போட்டோம், எத்தனை வாட்டிதான் போடுவீங்க?" என்று சண்டைக்கு வரும் தாய்மாருக்கு அவளிடம் இருந்த ஒரே பதில், "போட்டா கொறஞ்சா போயிடுவீங்க? பிள்ளையக் குடும்மா." கேட்ட கேள்வி நியாயமானது. நம் ஊர்க் குடலுக்குச் சில தவணை போதாது, அதனால்தான் திரும்பத் திரும்ப என்று ஒரு வரி அத்தைக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. சுவரெங்கும் எழுதியவர்களுக்கு அந்த ஒரு வரி எழுத இடம் கிடைக்கவில்லையா? வடக்கே பத்துத் தவணைக்கு மேல் வாங்கிய பிள்ளைகளுக்கும் போலியோ வந்தபோது, ஊசிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்ற வதந்தி பரவியதில் என்ன ஆச்சரியம்?

எனக்குக் கோபம் இதில்தான். கொரோனா ஊசி உங்கள் உயிரைக் காக்கும், தும்மலைத் தடுக்காது என்று 2021இல் தெளிவாகச் சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். மக்களுக்குப் புரியாது என்று மேலே இருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க எந்த நிறுத்தத்தில் நிற்கவேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது புரியாதா?

இன்னொன்று. 2014இல் வேலூர்க் குழந்தைகளிடம் ஒரு விஷயம் தெரியவந்தது. போலியோ ஊசி தனியாகக் குடலுக்குப் பாடம் எடுப்பதில்லை என்றேனே, முன்பே சொட்டு வாங்கிய குழந்தைக்கு ஒரு ஊசி போட்டால் அதன் குடல் பழைய பாடத்தை நினைவுக்குக் கொண்டுவருகிறது. மலத்தில் வைரஸ் குறைகிறது. நம் நாட்டில் சொட்டோடு ஊசியும் சேர்ந்தது 2015இன் கடைசியில். 2023 முதல் போலியோ ஊசியில் மூன்றாவது தவணையும் உண்டு. அதை எந்த மாதத்தில் போடுகிறார்கள் தெரியுமா? நீங்கள் தள்ளிப்போடச் சொன்ன ஒன்பதாம் மாதத்தில். தட்டம்மை ஊசியும் அன்றைக்குத்தான்.

அப்புறம் மூக்கில் எண்ணெய். வேண்டவே வேண்டாம். அங்கே இருக்கும் சளி அழுக்கில்லை. நுண்ணிய முடிகள் அதைத் தூசியோடும் கிருமியோடும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. குழந்தைக்கு மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். மூக்கடைப்பு இருந்தால் மருந்துக்கடையில் சலைன் சொட்டு கிடைக்கும், அதை விடுங்கள். பாட்டி கேட்கவில்லை என்றால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வையுங்கள்.