பழைய பொம்மை வீட்டைக் குழந்தைகளோடு சேர்ந்து ஹாலோவீன் பேய் வீடாக மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். உங்கள் பிள்ளைகளும் சின்னவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். போன செப்டம்பரில் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் மூன்று மாடி மர பொம்மை வீடு ஒன்றை 15 டாலருக்கு வாங்கினேன். கதவு ஒன்று இல்லை, கூரையில் பாதி ஓடு போயிருந்தது. பேய் வீட்டுக்கு அதுவே வசதி. அடிப்பலகையில் பென்சிலால் 1986 என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல். உங்களுடையது அதற்கு முந்தையது என்றாலோ, எப்போது செய்தது என்றே தெரியாவிட்டாலோ, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள். காரீயம் நஞ்சு, அந்தத் தூசி ஆகாது. சும்மா பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்லலாம், சொல்லட்டும்.

பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 6. ஐஸ் குச்சிகளைக் கத்தரியால் வெட்டாமல் கையாலேயே ஒடிக்கச் சொன்னேன். பிசிறு முனையோடு ஜன்னலில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியதும், பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. (சூட்டுப் பசைத் துப்பாக்கி என் கையில் மட்டும்தான்.) கூரையில் வெள்ளைப் பசை தடவி, காய்ந்த காபிச் சக்கையைத் தூவினோம், பாசி பிடித்த மாதிரி இருந்தது. நடுவில் சின்னவன் கறுப்பு பெயின்ட் கையோடு மாடிப்படிச் சுவரைப் பிடித்துவிட்டான். ஐந்து விரலும் பதிந்து கீழே வரை இழுபட்டிருந்தது. அக்கா துடைக்கப் போனாள், நான் விடவில்லை. அந்தக் குட்டிப் படிக்கட்டுக்கு அது ராட்சசக் கை. ஹாலோவீன் அன்று, அக்டோபர் 31ஆம் தேதி, மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் குனிந்து பார்த்தார்கள்.

உள்ளே பேட்டரி மெழுகுவத்தி வைத்தால், பேட்டரி மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில்கூட உணவுக்குழாய் வெந்துவிடலாம்.

கொலு வைக்கிற வீட்டில் பேய் பொம்மையா என்று ஊரிலிருந்து கேட்டார்கள். கட்டுகிற வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை மாட்டுகிறவர்கள்தானே நாம்? எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. எனக்கு வருத்தம் வேறு. மார்கழியில் வாசலில் அரிசி மாவுக் கோலம் போட்டதற்குக் குடியிருப்புச் சங்கம் கடிதம் அனுப்பியது. எதிர்வீட்டில் ஹாலோவீனுக்கு வைத்த 12 அடி எலும்புக்கூடு பொம்மை தை வரை நின்றது, அதற்கு ஒரு வார்த்தை இல்லை. இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுடையது பிளாஸ்டிக் வீடு என்றால் அக்ரிலிக் பெயின்ட் நேரடியாக ஒட்டாது, உரிந்து வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளாஸ்டிக்கில் பிடிக்கும் ஸ்ப்ரே பிரைமரை (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நீங்களே வெளியில் வைத்து அடித்து, ஒரு ராத்திரி காயவிட்ட பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.