சாவியை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: ஏழு வருடமாக ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவச நிரல் தொகுப்பை) சம்பளமில்லாமல், தனியாளாகப் பராமரித்து வருகிறேன். குழந்தை பிறந்தபிறகு நேரமே கிடைப்பதில்லை. பயனர்கள் எழுதும் புகார்கள், அதாவது இஷ்யூக்கள், குவிந்து கிடக்கின்றன. நோட்டிஃபிகேஷன் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. விலகினால் நம்பியிருப்பவர்களை ஏமாற்றியதாகிவிடுமோ? முன்பின் தெரியாத ஒருவர், "முடியவில்லை என்றால் என்னிடம் கொடுங்கள்" என்று நச்சரிக்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: ஏமாற்றியதாகவே ஆகாது. எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் என்று எந்த ஓப்பன் சோர்ஸ் உரிமத்தை எடுத்துப் பார்த்தாலும், உத்தரவாதம் எதுவும் இல்லை என்றுதான் எழுதியிருக்கும். ஏழு வருடம் இலவசமாக உழைத்தவர் யாருக்கும் கடன்படவில்லை.

ஆனால் உரிமத்தைப் படித்தால் மட்டும் மனம் ஆறிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசமே 2018 ஜூலையில், ஒரு மாற்றத்தைப் பற்றிய நீண்ட வாக்குவாதத்தில் களைத்துப்போய், தலைமைப் பொறுப்பை விட்டார். வாரிசு என்று யாரையும் அவர் நியமிக்கவில்லை. மற்றவர்கள் கூடிப் பேசி, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஐவரில் அவரும் ஒருவர்! சுமையை இறக்கி வைத்தவர் திரும்பி வரவே கூடாது என்று எந்த விதியும் இல்லை.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது அந்த நச்சரிப்புதான். தயவுசெய்து அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இஸட் என்ற மென்பொருளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். களைத்துப்போன ஒரே பராமரிப்பாளரை, 'ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள்' என்று முகம் தெரியாத சில பெயர்களில் வந்தவர்கள் நெருக்கினார்கள். உதவுவதுபோல் வந்தவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழியை, வைத்தார். சர்வரில் லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஒரு பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. அந்தப் பராமரிப்பாளரை நான் குறை சொல்லவே மாட்டேன். உங்களைப் போலவே தனியாக விடப்பட்டவர் அவர். உங்களிடம் கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவசரப்படுத்துகிறவரிடம் சாவி போகக்கூடாது.

அப்புறம் என்ன செய்வது? முதலில் உங்கள் லைப்ரரியின் அறிமுகப் பக்கமான ரீட்மீயின் மேலேயே, இன்ன தேதிக்குப் பிறகு நான் பராமரிக்கப் போவதில்லை என்று எழுதிவிடுங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பயனர்களுக்கு அதிகம் வலிப்பது, பதிலும் வராமல் முடிவும் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதுதான். பிறகு மற்றவர்கள் அனுப்பிய திருத்தங்களை, அதாவது பழைய புல் ரிக்வெஸ்ட்களை, புரட்டுங்கள். பொறுமையாகத் திருத்தி அனுப்பிய ஓரிருவர் கண்ணில் படுவார்கள். அவர்களிடம் நீங்களே கேளுங்கள். ஒப்புக்கொண்டால், திருத்தங்களைக் கோடில் சேர்க்கும் மெர்ஜ் உரிமையை மட்டும் முதலில் கொடுங்கள். புதிய பதிப்பை வெளியிடும் உரிமையைச் சில மாதம் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

யாரும் முன்வரவில்லையா? சரி, கோடு இருக்கும் ரெப்போவை ஆர்க்கைவ் செய்து, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். கோடு அப்படியே இருக்கும், வேண்டியவர் ஃபோர்க் செய்து, தன் நகலில் தொடர்ந்துகொள்வார். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், பராமரிக்க ஆளில்லாத பேக்கேஜை 'ஆர்ஃபன்' (அநாதை) என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறார்கள். அங்கே அது வழக்கமான நடைமுறை.

இன்று இரவே நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். ரீட்மீயை இந்த வாரக் கடைசியில் எழுதினால் போதும்.