489 கி.மீ. என்கிறார்களே, மதுரை வரை போகுமா?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் மதுரை. வருஷத்துக்கு நாலைந்து முறை குடும்பத்தோடு காரில்தான் போவோம். டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக், 45 கிலோவாட் அவர் பேட்டரி உள்ள மாடலுக்கு 489 கி.மீ. ரேஞ்ச் என்கிறார்கள். மதுரை சுமார் 440 கி.மீ.தானே, ஒரே சார்ஜில் போய்விடலாமா?

பதில்: போக முடியாது. அந்த 489, எம்.ஐ.டி.சி. என்ற இந்தியச் சோதனை முறையில் ரோலர்மேல் ஓட்டி அளந்தது. அதில் அதிகபட்ச வேகமே 90தான், அதுவும் கொஞ்ச நேரம். மீதியெல்லாம் ஊருக்குள் ஓட்டுகிற வேகம். டாடாவே நிஜ ஓட்டத்துக்கு 350 முதல் 370 என்று தனியாக ஒரு கணக்குச் சொல்கிறது.

செங்கல்பட்டு தாண்டியதும் 100-க்குக் கீழே யார் ஓட்டுகிறார்கள்? 80-இல் போகும்போது இருக்கிற காற்றின் எதிர்ப்பு, 100-இல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். நாலு பேர், சாமான், ஏ.சி. எல்லாம் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 150, 160 வாட் அவர் போகும். அப்படியானால் 45 கிலோவாட் அவருக்கு, அதாவது 45,000 வாட் அவருக்கு, 280 முதல் 300 கி.மீ.தான். கடைசி 15 சதவீதத்தைத் தொடாமல் வைத்தால் 240, 250.

ஆனாலும் மதுரைக்குத் தாராளமாகப் போகலாம். வீட்டில் முழுசாகச் சார்ஜ் செய்துவிட்டுக் கிளம்புங்கள். உளுந்தூர்ப்பேட்டை சுமார் 170 கி.மீ.; அங்கே 40 சதவீதம் மிச்சமிருக்கும். டிபன் சாப்பிடுகிற நேரத்தில் 80 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். 60 கிலோவாட் சார்ஜர் முழு வேகத்தில் கொடுத்தால் அரை மணி போதும். அடுத்த நிறுத்தம் திருச்சி, அங்கேயும் 80 வரை. மதுரையில் இறங்கும்போது மூன்றில் ஒரு பங்கு பேட்டரி கையில் இருக்கும். 80-க்கு மேல் ஏற்றக் காத்திருக்காதீர்கள். பேட்டரி நிறைய நிறைய, கார் மின்சாரத்தை வாங்குகிற வேகம் குறைந்துவிடும்.

தலைவலி சார்ஜரில்தான். ஒரு சார்ஜர் பெட்டியில் இரண்டு கன் (காரில் மாட்டுகிற முனை) இருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டியதும் பல இடங்களில் வேகம் பாதியாகிவிடும். ஒரே ஒரு சார்ஜர் உள்ள இடத்தை நம்பிப் போகாதீர்கள். பிளக்‌ஷேர் என்ற, சார்ஜர் இருக்கிற இடங்களைக் காட்டும் ஆப்பில் அந்த இடத்தில் கடைசியாகச் சார்ஜ் செய்தவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் என்றால் வரிசை இருக்கும். விடியற்காலையில் கிளம்புவது நல்லது.

வீட்டில் சொந்த பார்க்கிங்கும் சார்ஜ் போட பிளக் பாயிண்டும் இருந்தால் தைரியமாக வாங்குங்கள். இல்லையென்றால், என்னைக் கேட்டால், இப்போதைக்கு வேண்டாம். மதுரைப் பயணத்தைவிட அன்றாடச் சார்ஜுக்கு அலைவதுதான் பெரும்பாடாக இருக்கும்.

கேள்வி: ஹைவேயில் சார்ஜர் பாதியிலேயே நின்றுவிட்டது. 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள், ஏறியதோ 9 யூனிட். யாரிடம் கேட்பது?

பதில்: ஏறிய யூனிட்டுக்குத்தான் பணம். ஆப்பில் அந்தச் சார்ஜ் எண்ணும் யூனிட்டும் தெரிகிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். மழுப்பினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம், முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற ஆப் வாலட்டில் ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ஒரு சார்ஜுக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள்.