கூட்டம் இருக்கும்போதே மூடும் கடை

அன்புள்ள ஐயா,

அம்பத்தூரில் இருக்கிறேன். எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையைப் போன மாதம் மூடிவிட்டார்கள். மெயின் ரோட்டில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதச் சாமானை நானும் அங்கேதான் வாங்கினேன். ஆனால் பால், கறிவேப்பிலை, அவசரத்துக்கு எது வேண்டுமென்றாலும் அண்ணாச்சியிடம்தான் ஓடுவோம். கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும். பிறகு ஏன் மூடினார் என்றே புரியவில்லை. ஒரே சோப்பு அங்கே எட்டு ரூபாய் குறைவு என்றால், பாசத்துக்காகக் கூட விலை கொடுக்க வேண்டுமா? இந்தப் பெரிய கடைகளை அரசாங்கம் தடை செய்யக் கூடாதா? அங்கே பில் போடும் பெண்கள் நாள் முழுக்க நிற்பதைப் பார்த்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

கௌரி

அன்புள்ள கௌரி,

தடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை 2012இல் மத்திய அரசு அனுமதித்தபோது தமிழக அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் உள்நாட்டுப் பணத்தில் வரும் கடைக்கு அது பொருந்தாது. பில் போடும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. அடுத்த முறை போகும்போது மேலாளரைக் கூப்பிட்டு, இருக்கை எங்கே என்று கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. ‘எப்போதும் கூட்டம் இருக்கும்.’ ஆமாம், இருந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள், கையில் கறிவேப்பிலையோடு.

மளிகைக் கடை, வீடுகள் எழுதிக் கொடுக்கும் மாதச் சாமான் சீட்டில்தான் நிற்கிறது. கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: நூறு வீடு, வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய்ச் சாமான். விற்பனை ஆறு லட்சம். எல்லாச் சரக்கையும் சேர்த்துச் சராசரியாக 9 சதவீதம் லாபம் நின்றால் 54,000. கடை வாடகை 15,000, பிரிட்ஜ் ஓடும் கரண்டு பில் 5,000, ஒரு பையனுக்குச் சம்பளம் 12,000. மிச்சம் 22,000. விடியற்காலையிலிருந்து இரவு வரை நிற்கும் அண்ணாச்சிக்கும் அவர் வீட்டாருக்கும் இதுதான் கூலி. இப்போது முப்பது வீட்டுச் சீட்டு மட்டும் மெயின் ரோட்டுக்குப் போகிறது. லாபத்தில் 16,200 போய்விட்டது. வாடகை குறையுமா? கரண்டு பில் குறையுமா? கையில் 5,800தான் மிச்சம். எழுபது வீடு இன்னும் முழுசாக அவரிடமே வாங்குகிறது. போன முப்பது வீடும் பாலுக்கும் பச்சைமிளகாய்க்கும் தினம் வந்து நிற்கிறது. பார்ப்பவருக்கு வியாபாரம் அமோகம். பால் பாக்கெட்டில் ஒரு ரூபாய் நின்றால் பெரிது. கறிவேப்பிலைக்குக் காசே வாங்குவதில்லை.

அடுத்த சரிவு, கம்பெனிச் சரக்கைக் கடைகளுக்குப் போடும் ஏஜென்சிக்காரர் வரும் நாளில் நடக்கும். டஜன் எடுத்தால் ஒன்று இலவசம் என்பது வழக்கமான ஸ்கீம். அந்த ஒன்றே ஏறக்குறைய 8 சதவீதம். ஓட்டம் குறைந்த கடை டஜன் எடுக்காது, நாலு பீஸ் எடுக்கும், ஸ்கீம் கிடைக்காது. எடுத்ததும் மெதுவாகப் போவதால் மசாலாப் பொட்டலங்களில் தேதி முடியும். அவற்றைத் திருப்பி எடுக்க ஏஜென்சி இழுத்தடிக்கும். அவர்களுக்கு ஒரு வாரத்தில் பணம் கட்ட வேண்டும். கணக்கு நோட்டில் வீடுகளின் பாக்கியோ மாதக் கடைசி வரை கிடக்கும். சரக்கு எடுக்கப் பணமில்லாமல் ‘அது இல்லம்மா, நாளைக்கு வந்துரும்’ என்று சொல்ல ஆரம்பிப்பார். அதைக் கேட்டு இன்னும் பத்து வீடு போகும்.

எட்டு ரூபாய்ச் சோப்பை வைத்து அண்ணாச்சியை எடை போடாதீர்கள். பெரிய கடை கம்பெனியிடம் நேராக எடுக்கிறது. ஏஜென்சியின் பங்கும் அதற்கே. வாசலருகே அடுக்கி வைப்பதற்குக் கம்பெனி தனியாகப் பணம் தரும். ஏஜென்சி அண்ணாச்சிக்குப் போடும் பில் விலைக்கும் கீழே அங்கே விற்க முடிவது இதனால்தான். இதே குறையைச் சொல்லி, ஏஜென்சிக்காரர்களான விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2021 இறுதியில் கம்பெனிகளை எச்சரித்தது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் கோல்கேட் பொருட்கள் சிலவற்றை அனுப்பாமல் நிறுத்தவும் செய்தது. ஒரு தெருக்கடைக்காரர் தனியாளாக என்ன செய்வார்?

அமெரிக்காவில், சிகாகோவின் மேற்குப் பகுதியில் 2006இல் வால்மார்ட் என்ற பெரிய கடை வந்தபோது ஆய்வாளர்கள் சுற்றுவட்டாரத்தில் 306 கடைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு ஆண்டில் 82 மூடின. வால்மார்ட்டுக்கு எவ்வளவு அருகில் இருந்ததோ, அந்தக் கடை மூடும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். 2023 ஏப்ரலில் அதே வால்மார்ட் நிறுவனம், நஷ்டம் என்று சொல்லி அந்நகரத்தின் எட்டுக் கடைகளில் நான்கை மூடியது. மருந்து, காய்கறி எல்லாவற்றுக்கும் அதையே நம்பியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். உங்கள் மெயின் ரோட்டுக் கடை நாளை மூடினால் உங்கள் தெருவுக்கும் இதே நிலைதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சோப்பையும் பேஸ்ட்டையும் அங்கேயே வாங்குங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். அரிசி, பருப்பு, மாவுக்கான பணத்தைக் கொண்டுபோய் அங்கே கொட்டாதீர்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமாக்கி விவரம் அச்சிட்ட இவற்றுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மூட்டையைப் பிரித்து உங்கள் கண் முன்னால் நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை கடைகளுக்கு வந்ததும் இந்த வரியால்தான். சின்னக் கடை பெரிய கடையோடு விலையில் மோத முடிகிற இடம் இது. இதிலும் கடைக்காரர்கள் சறுக்குவதுண்டு. அரைக் கிலோவுக்குப் பத்து கிராம் கூடப் போனால் 2 சதவீதம் போச்சு. மூட்டையின் அடித்தூசி வேறு. ஆகவே கூடுதலாகப் போடாமல் தராசு சரியாக நின்றால் முகம் சுளிக்காதீர்கள். தராசில் காலாவதியாகாத அரசு முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை இருக்குமே, அங்கே 27ஆம் தேதிக்குள் சீட்டைக் கொடுங்கள். அப்போதுதான் அவர் மொத்தமாக எடுத்து, ஸ்கீமையும் வாங்கிவிட்டு, ஒன்றாம் தேதிக்குள் கட்டி வைப்பார். பாக்கி வைத்தால் ஐந்தாம் தேதி தீர்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.