வண்டியூர் தெப்பக்குளமும் நடு மண்டபமும்: கேட்டவர்களுக்குப் பதில்

போன வாரம் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்து மைய மண்டபத்தைச் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்து ஒரு படம் போட்டேன். அதிலிருந்து ஒரே கேள்விகள். எனக்குக் கீழக்கரைப் பக்கம் வீடு, முப்பது வருஷமாகக் காலை நடை இந்தக் குளத்தைச் சுற்றித்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதாமல் எல்லாருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணே, ஆட்டோவில் வண்டியூர் என்று சொன்னேன், ஏதோ கண்மாய்ப் பக்கம் இறக்கிவிட்டார். தெப்பக்குளம் எங்கே இருக்கிறது?

இது வெளியூர்க்காரர்கள் எல்லாருக்கும் நடப்பதுதான் தம்பி. வண்டியூர் கண்மாய் வைகைக்கு வடக்கே இருக்கிறது. நீங்கள் தேடுகிற வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வைகைக்குத் தெற்கே, காமராசர் சாலையின் கிழக்குக் கோடியில். மீனாட்சி அம்மன் கோயிலில் இருந்து கீழவாசல் வந்து, காமராசர் சாலையைப் பிடித்துக் கிழக்கே நேராக வந்தால் போதும். அண்ணா நகர் பக்கம் இருந்து வருகிறவர்கள் குருவிக்காரன் சாலைப் பாலம் ஏறி இறங்கலாம். 'தெப்பக்குளம்' என்று மட்டும் சொல்லுங்கள், வண்டியூரைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: படகில் போனால் நடு மண்டபத்தில் இறங்கிப் பார்க்கலாமா? உள்ளே என்ன இருக்கிறது?

தண்ணீர் இருக்கும்போது படகு விடுகிறார்கள், மண்டபத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். மண்டபத்தில் இறக்கிவிடுவார்களா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஏறிய பிறகு படகுக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். உயிர்காப்பு ஜாக்கெட்டைக் குழந்தைகளுக்கு நீங்களே ஒருமுறை இழுத்துக் கட்டிப் பாருங்கள்.

நடுவில் இருப்பது ஒரு சின்னத் தீவுதான். மையத்தில் விமானத்தோடு மண்டபம், பிள்ளையார் சந்நிதி, சுற்றிலும் மரம் செடி உள்ள தோட்டம், நான்கு மூலையிலும் சின்னச் சின்ன மண்டபங்கள். ஆனால் படகில் ஏறுவதற்கு முன்னால் குளத்தைக் கரையோடு ஒரு சுற்று நடந்துவிடுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. தெற்கு வடக்காக சுமார் 1,000 அடி, கிழக்கு மேற்காக சுமார் 950 அடி. ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். நடக்க நடக்க மண்டபம் திரும்பிக்கொண்டே வரும், மூலை மண்டபங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து மறுபடி பிரியும். படகில் பக்கத்தில் போய்ப் பார்க்கும்போது இந்த அழகு கிடைக்காது.

கேள்வி: நாயக்கர் மஹாலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்று என் தாத்தா சொல்வார். நிஜமா ஐயா?

உங்கள் தாத்தா மட்டும் இல்லை, மதுரையே அப்படித்தான் சொல்லும். மஹாலுக்குச் செங்கல் அறுக்க இங்கே மண் தோண்டியதாகவும், அந்தப் பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் கல் படிக்கட்டு வைத்துக் குளமாகக் கட்டினார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். மஹால் 1636, குளம் 1645 என்று வைத்துப் பார்த்தால் வரிசை பொருந்தித்தான் வருகிறது. தோண்டும்போது கிடைத்த பெரிய பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலில் இருக்கிற முக்குறுணி விநாயகர் என்பதும் அதே மாதிரி செவிவழிச் செய்தி. குறுணிக்கு ஆறு படி, முக்குறுணிக்குப் பதினெட்டுப் படி. விநாயகர் சதுர்த்திக்கு அத்தனை அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். முதலில் கோயிலில் அவரைப் பார்த்துவிட்டு அப்புறம் குளத்துக்கு வாருங்கள், பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

கேள்வி: 2000த்தில் வந்தபோது குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டு இருந்தார்கள். இப்போது நிஜமாகவே தண்ணீர் நிற்கிறதா?

நிற்கிறது அக்கா. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தக் குளம் மழையை மட்டும் நம்பிக் கட்டியது கிடையாது. வைகையில் தண்ணீர் ஓடினால் கால்வாய் வழியாக இங்கே வந்து நிரம்புகிற மாதிரிதான் அமைத்திருந்தார்கள். ஆறு வறண்டது, வழியில் கால்வாய் தூர்ந்தது, வீடுகளும் குப்பையும் அடைத்துக்கொண்டன. குளம் வெறும் மைதானம் ஆகிவிட்டது. நீங்கள் பார்த்த கிரிக்கெட் கூட்டத்தில் என் மகனும் இருந்திருப்பான். அந்த வருஷங்களில் தெப்பத் திருவிழாவை நிலைத் தெப்பமாக நடத்துவார்கள், அதாவது தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும். தெப்பக்குளத்தில் தெப்பம் நகராததைப் பார்த்து என் அம்மா ஒருமுறை முந்தானையால் கண்ணைத் துடைத்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சில வருஷம் முன்னால் பனையூர் கால்வாயைச் சீர் செய்து வைகைத் தண்ணீரைத் திருப்பினார்கள். தண்ணீர் வந்த அன்றைக்கு நானும் கரையில் நின்றேன். முதலில் செம்மண் நிறத்தில் நுரையும் சருகுமாக ஒரு நாக்கு மாதிரி நீண்டது. வெடித்துக் கிடந்த தரை அதைக் குடித்துக்கொண்டே இருந்தது, கொஞ்ச நேரம் தண்ணீர் முன்னேறவே இல்லை. அப்புறம்தான் மெல்லப் பரவியது. பக்கத்தில் ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இருந்தார். அதனால்தான் கேட்கிறேன், கப்பையும் பாலித்தீன் பையையும் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். காற்று அடித்தால் அது நேராகத் தண்ணீருக்குள்தான் போகும்.

கேள்வி: அம்மாவைத் தெப்பத் திருவிழாவுக்குக் கூட்டி வர ஆசை. எந்த நாள், எந்த நேரம் வரலாம்?

தை மாதம், பூசத்தையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும். பூசம் திருமலை நாயக்கர் பிறந்த நட்சத்திரம் என்பார்கள். முதல் நாள் பக்கத்தில் இருக்கிற சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா நடக்கும், மறுநாள் தெப்பம். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலில் இருந்து கிளம்பி இங்கே வந்து, காலையில் இரண்டு சுற்று, பகலில் மைய மண்டபத்தில் தங்கல், இரவு விளக்கொளியில் ஒரு சுற்று. கரையில் இருந்து வடம் பிடித்து இழுப்பார்கள். இரவுச் சுற்றுதான் எல்லாருக்கும் ஆசை, ஆனால் கூட்டம் தாங்காது. வயதானவர் என்றால் காலைச் சுற்றுக்கு வாருங்கள், நிழலாகப் பார்த்து உட்கார இடமும் கிடைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம், சாமி இங்கே வந்துவிடுவதால் அன்றைக்கு மீனாட்சி கோயில் நடை சாத்தியிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று கிளம்பி வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

கேள்வி: காரைக்குடியில் இருந்து குழந்தைகளோடு ஒரு நாள் வருகிறோம். பூங்காவில் ஊஞ்சல், சறுக்கு எல்லாம் உண்டா?

மண்டபத் தோட்டத்தில் அதெல்லாம் இல்லை. ஊஞ்சல்தான் வேண்டும் என்றால் காந்தி மியூசியம் பக்கம் ராஜாஜி பூங்காவுக்குப் போங்கள். காலையில் மீனாட்சி கோயில், அப்புறம் மஹால், மத்தியானம் எங்கேயாவது சாப்பிட்டு ஓய்வு, நாலரைக்கு மேல் தெப்பக்குளம். உச்சி வெயிலில் மட்டும் வந்துவிடாதீர்கள், கல் படி சுடும், குழந்தைகள் அழுதுவிடும். வடகரையில் மாரியம்மன் கோயில், மேலக்கரைப் பக்கம் முக்தீஸ்வரர் கோயில், இரண்டும் நடக்கிற தூரம்தான். தண்ணீரை ஒட்டிய படியில் பாசி இருக்கும், சின்னவர்கள் கையை விடாதீர்கள்.

கேள்வி: சாப்பிட?

சாயங்காலம் கரையைச் சுற்றி வண்டிக்கடைகள் நிறைய. எனக்குப் பருத்திப்பால்.

கேள்வி: நீங்கள் போட்ட மாதிரி படம் எடுக்க எங்கே நிற்க வேண்டும்?

கீழக்கரையில் நில்லுங்கள், மேற்கே பார்த்து, சூரியன் மண்டபத்துக்குப் பின்னால் இறங்குகிற நேரம். காலையில் என்றால் அப்படியே எதிர், மேலக்கரை. காற்று இல்லாத நாளில் விமானம் தண்ணீரில் தலைகீழாக முழுசாக விழும், கொஞ்சம் பொறுத்திருந்து எடுங்கள். காலை ஆறு மணிக்கு வந்தால் நானும் கீழக்கரையில்தான் நடந்துகொண்டு இருப்பேன், நிறுத்திக் கேளுங்கள்.