போகையில் 11, வருகையில் 10

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து போனபோது விமானம் ஏறக்குறைய 11 மணி நேரம் பறந்தது. திரும்புகையில் 10தான். தூரம் ஒன்றுதானே?
– வாசகி, கீழக்கரை

பதில்: தூரம் ஒன்றுதான் அம்மா, சுமார் 8,200 கி.மீ. வித்தியாசம் காற்றால் வருவது. மண்டபத்தில் என் அப்பா பாய்மர வள்ளம் ஓட்டியவர். கச்சான் காற்று எதிர்த்து அடித்தால் கரை சேர இருட்டிவிடும். பின்னாலிருந்து தள்ளினால் வெயில் ஏறுமுன் வந்துவிடுவார். 10 கி.மீ. உயரத்திலும் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஓடுகிறது. சில நாள் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். லண்டன் போகையில் அது முகத்தில், வருகையில் முதுகில்.

அப்புறம், கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. கழித்துப் பார்த்து போன் செய்யுங்கள். விடியுமுன் மணி அடித்தால் பிள்ளை பதறிப்போவாள்.